ஏழாம் நம்பரின் முடிவு

ராக் அண்ட் ரோல் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன் குடும்பப் புகைப்படத்தில் ஓரமாக நிற்கும் சித்தப்பா மாதிரி. இல்லாமல் போனால் எங்கே ஆளைக் காணோம் என்பார்கள். இருந்தால் ஒருவர் கண்ணிலும் பட மாட்டான். தூண் தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் அந்த ஓரத்தில்தான் நின்றார். மேடையில் இடது பக்கம், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், இடுப்பைக்கூட அசைக்காமல் நிற்பார் என்பதால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, சம்பள நாளில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

சம்பளம் சலவை நிலையத்தில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்ததை ஆள் உயர டிரையர்களில் திணித்து, சூட்டோடு சூடாக வெளியே இழுத்து மடிக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் எப்போதும் ஏதாவது ஒன்று உருண்டுகொண்டிருக்கும். ஒருவருக்கொருவர் பேச வேண்டுமானால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். தூணுக்கு அது வசதி. பேச்சு அவருக்கு என்றைக்கும் கைவந்ததில்லை.

குடும்பத்துக்கு வேண்டிய பேச்சு மொத்தத்தையும் அண்ணன் எடுத்துக்கொண்டிருந்தார். செருப்புக் கடையில் விற்பனையாளர். கால் வலிக்கிறது என்று கடைக்குள் உட்கார வந்தவரையும் இரண்டு ஜோடி வாங்க வைத்து அனுப்புவார். குரல் இருந்தது, அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். உயரத்தில் ஏறும்போது லேசாகக் கிழிந்து மறுபடியும் ஒட்டிக்கொள்கிற குரல். அந்தக் குரலை நம்பித்தான் ஐந்து பேர் சேர்ந்தார்கள். டிரம்ஸ் வாசித்தவர் தபால்காரர். மற்ற இரண்டு கிட்டார்களும் வருவதும் போவதுமாக ஆள் மாறிக்கொண்டே இருந்தன. தூணின் மனைவி தையல்காரி. ஐந்து பேருக்கும் பளபளவென்று வெள்ளிக் கோட்டு தைத்துக் கொடுத்தாள். அதனால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் அவர்கள் வெள்ளிக்கோட்டுக்காரர்கள்.

சொந்தப் பாட்டு என்று ஒன்றுகூட அவர்களிடம் கிடையாது. கடல் கடந்து எங்கேயோ யாரோ பாடிப் பதிவு செய்ததை அப்படியே எடுத்துப் பாடுவார்கள். மேஜையில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு வானொலியிலிருந்து பதிவு செய்வது, பிறகு ஓட விடுவது, நிறுத்துவது, பென்சிலைச் சொருகி நாடாவைப் பின்னால் சுற்றுவது, மறுபடி ஓட விடுவது. பாட்டின் பெயர்கள் பாதி வாயில் நுழையாது என்பதால் நம்பர் போட்டுவிட்டார்கள். மூணாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்றுதான் பேச்சு.

அண்ணனுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ரெக்கார்டில் இருப்பதுதான் பாட்டு. இல்லாத ஒரு தட்டு, இல்லாத ஒரு மீட்டல் யாராவது சேர்த்தால் அன்றைக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை அவன் ஒருவனே வேனில் ஏற்ற வேண்டும். தபால்காரர் ஒருமுறை ஆசைக்கு இரண்டு அடி கூடுதலாக உருட்டிவிட்டு, முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் குனிந்தே தபால் கொடுத்தார். பன்னிரண்டாம் நம்பரின் ரெக்கார்டில் பாடகன் நடுவில் லேசாக இருமுவான். அண்ணன் அதே இடத்தில், அதே மாதிரி, ஒவ்வொரு மேடையிலும் இருமினார். சளி பிடித்திருந்த நாளில்கூட வேறு இடத்தில் இருமாமல் அடக்கிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஏழாம் நம்பர்தான் வினையாக வந்தது. அது பேஸ் கிட்டாரில் தொடங்கும் பாட்டு. முதலில் தூண் மட்டும் தனியாக, மற்ற நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி ஒரு பாட்டு அவருக்கு அதற்கு முன்பும் வாய்க்கவில்லை, பின்பும் வாய்க்கவில்லை. ஆனால் பதிவு செய்தபோது, கடைசிச் சுற்று தொடங்கும் இடத்தில் நாடா தீர்ந்து டக்கென்று நின்றுவிட்டது. பாட்டு எப்படி முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. ரெக்கார்டு எந்தக் கடையிலும் இல்லை. வானொலியில் அந்தப் பாட்டை மறுபடி போடவே இல்லை. முடிவு தெரியாத பாட்டு நமக்கு வேண்டாம், தூக்கிப் போடுங்கள் என்று அண்ணன் சொல்லிவிட்டார். தூணுக்கு அதை விட மனமில்லை.

ஒரு மத்தியானம் சலவை நிலையத்தில் யாரோ ஈரக் கம்பளம் ஒன்றைச் சுருட்டியபடியே டிரையருக்குள் போட்டுவிட்டார்கள். உள்ளே அது ஏறி ஏறி விழுந்தது. கனமாக இரண்டு இடி, ஒரு வெறுமை, பிறகு லேசாக மூன்று தட்டு. மறுபடி கனமாக இரண்டு. மற்றவர்கள் இயந்திரத்தை நிறுத்து என்று கத்தினார்கள். தூண் கையில் விரிப்போடு நின்றுகொண்டே இருந்தார். மேற்பார்வையாளர் வந்து முதுகில் தட்டிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

வீட்டுக்குப் போனதும் கை கால் கழுவாமல் கிட்டாரை எடுத்தார். மின்சாரம் இணைக்காத பேஸ் கிட்டார் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். அவர் மனதில் எல்லா வாத்தியமும் நின்றுவிட, பேஸ் மட்டும் படி படியாகக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் கனமாக இரண்டு அடி. கடைசிப் படியில் ஒரு நிறுத்தம், பாட்டு முடிந்துவிட்டது என்று கேட்பவர் நினைக்கும் அளவுக்கு. பிறகு லேசாக மூன்று தட்டு, எல்லாரும் சேர்ந்து ஒரே இடி. மனைவி தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"இது என்ன பாட்டுங்க?"

"பாட்டு இல்ல. முடிவு."

"யாரோடது?"

தூண் கிட்டாரைப் பார்த்தபடி, "என்னோடது," என்றார். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அண்ணனிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மறுநாள் ஒத்திகையில், விரிப்பு கொடுக்கப் போன ஓட்டலின் வரவேற்பறையில் அந்த ரெக்கார்டு ஓடியது, முடிவைக் கேட்டுவிட்டேன் என்று அளந்துவிட்டார். அண்ணன் நம்பிக்கை இல்லாமல் பார்த்தார். நன்றாகக் கேட்டாயா என்று கேட்டார். மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன் என்றார் தூண். வாசித்துக் காட்டியதும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. பார்த்தீர்களா, பெரிய ஆட்கள் பெரிய ஆட்கள்தான், நம்மால் இப்படி யோசிக்க முடியுமா என்று மற்றவர்களிடம் சொன்னார். தூண் குனிந்து ஒயரைச் சரிசெய்தார்.

முதலில் ஒரு தொழிற்சாலை ஆண்டு விழாவில் வாசித்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மேடை போட்டிருந்தது. பேஸ் இரண்டாவது படி இறங்கியதும் கூட்டத்தில் நாலு பேர் பூட்ஸ் காலால் தரையை இடித்தார்கள். நான்காவது படிக்கு மொத்தக் கூடமும் இடித்தது. நிறுத்தத்தில் எல்லாரும் காலைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். கடைசி இடிக்கு மேஜையில் இருந்த டம்ளர்கள் துள்ளின. அதற்குப் பிறகு எங்கே போனாலும் அதுதான். ஏழாம் நம்பர் கடைசிப் பாட்டாக மாறியது, நம்பரை மட்டும் மாற்றவில்லை. கடற்கரை ஓட்டல், கல்யாண மண்டபம், கிளப்பு, பள்ளி ஆண்டு விழா என்று வேன் ஒரு நாளில் போய்வரக்கூடிய ஊர் ஒன்றையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. முன் பாட்டுகளைப் பேசிக்கொண்டே கேட்பவர்கள் கடைசிப் பாட்டுக்குக் கைவேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள். மாடியில் மண்டபம் வைத்திருந்த ஒருவர், கீழ்க்கடைக்காரர் தலையில் சுண்ணாம்பு உதிர்கிறது, ஐயா சாமி ஏழு மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டார்.

ஊரே தன் காலால் தூணின் முடிவை இடித்தது. இடித்தவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மேடையில் அண்ணன் ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்வார். தபால்காரருக்கு ஒரு நல்ல வார்த்தை, கிட்டார்களுக்கு ஒரு நல்ல வார்த்தை. தூண் முறை வரும்போது எல்லா ஊரிலும் ஒரே ஜோக்தான். "அந்த ஓரத்துல நிக்கிறது மண்டபத்துத் தூண் இல்லீங்க, என் தம்பி. யாரும் சாஞ்சுடாதீங்க." கூட்டம் சிரிக்கும். தூணும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சொன்னால் அவர் மனைவி சிரிக்க மாட்டாள்.

அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் என்று அவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். சொல்கிறேன் என்பார். முதல் சில வருஷம், சொன்னால் முடிவை வெட்டிவிடுவார் என்ற பயம். பிறகு, இவ்வளவு நாள் பொய் சொன்னதை எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அண்ணன் ஒருநாள் திரும்பிப் பார்த்து, இது என் தம்பி போட்டது என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். கைதட்டல்கூட வேண்டாம். அந்த ஒரு வரி போதும் என்று அவர் மனதார நினைத்தார். எத்தனையோ பேர் எத்தனையோ பேருக்கு வாய் வலிக்காமல் சொல்கிற வரி.

வருஷங்கள் ஓடின. வெள்ளிக் கோட்டுகளை மனைவி பலமுறை பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கினாள். அண்ணனுக்கு உயரத்தில் கிழிந்த குரல் ஒட்ட மறுத்தது. இந்த வருஷத்தோடு போதும், நம் ஊர் மண்டபத்தில் கடைசி நிகழ்ச்சி என்று அவரே அறிவித்துவிட்டார். அந்தச் சமயத்தில் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த கீபோர்டுக்காரர், வேனில் போகும்போது, இப்போதுதான் எல்லா ரெக்கார்டும் போனிலேயே கிடைக்கிறதே, ஏழாம் நம்பரின் அசலைக் கேட்போமா என்றார். கெட்ட எண்ணத்தில் ஒன்றும் இல்லை, பொழுது போகவேண்டுமே என்றுதான்.

பாட்டு ஓடியது. எல்லாரும் தொடையில் தாளம் போட்டார்கள். தூண் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசிச் சுற்று வந்தது. படியும் இல்லை, இடியும் இல்லை. பாடகன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, சத்தம் குறைந்துகொண்டே போய், எங்கே முடிந்தது என்றே தெரியாமல் தேய்ந்து போய்விட்டது. முன் இருக்கையில் இருந்த அண்ணன் மறுபடி போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவையும். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"டேய். ஓட்டல்ல மூணு தடவை கேட்டேன்னு சொன்னியே."

தூண் இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ரெக்கார்டுல இல்லண்ணே. நான் போட்டது," என்றார். டிரையரையும் ஈரக் கம்பளத்தையும் திக்கித் திணறிச் சொன்னார். தபால்காரர் வாயைப் பிளந்து, அடப்பாவி, நீயா என்று தூணின் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த ஒரு நிமிஷம் தூணுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

"இத்தனை வருஷமா என் காதுல பூ சுத்தியிருக்கே," என்றார் அண்ணன். "ரெக்கார்டுல இல்லாத ஒண்ணை என்னை வச்சு ஊர் ஊராப் பாட வச்சிருக்கே."

வேனிலிருந்து இறங்கியதும் உத்தரவு வந்தது. இனி ஏழாம் நம்பர் ரெக்கார்டில் உள்ளபடி முடியும். அது ஸ்டுடியோவில் குமிழைத் திருகிச் செய்கிற வேலை, மேடையில் எப்படித் தேய்ந்து போவது என்று தபால்காரர் கேட்டார். வாசித்துக்கொண்டே சத்தத்தைக் குறையுங்கள் என்றார் அண்ணன். கடைசி நிகழ்ச்சிக்கு முன் தூண் அண்ணன் வீட்டுக்குப் போய், இந்த ஒரு தடவை மட்டும் முடிவை இருக்க விடுங்கள், என் பெயர்கூட வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். தலைகீழாக நின்றாலும் நடக்காது என்று தெரிந்தே கேட்டார். நடக்கவில்லை.

ஊர் மண்டபம் அன்றைக்கு நிரம்பி வழிந்தது. தூணின் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் நம்பரைத் தூண் எப்போதும் போல் தொடங்கினார். கடைசிச் சுற்று வந்ததும், தன் வலது கையாலேயே கிட்டாரின் சத்தக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் குறைத்தார். தபால்காரர் டிரம்ஸைத் தடவிக் கொடுப்பது போல் தட்டினார். சத்தம் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனது. கூட்டம் விழித்தது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா என்று யாரோ கேட்பது மேடை வரை கேட்டது.

அப்போது பால்கனியில் ஒருவர் காலால் கனமாக இரண்டு முறை இடித்தார். கீழே இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பேஸ் இறங்க வேண்டிய படிகளை வாயாலேயே முனகிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இடித்து, நிறுத்தத்தில் காத்திருந்து, லேசாக மூன்று தட்டித் தாங்களே முடித்தார்கள். தூணுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அண்ணனைப் பார்த்தார். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தார்.

அண்ணன் செருப்புக் கடையில் வளர்ந்தவர், வாடிக்கையாளர் எந்த ஜோடியைப் பார்க்கிறார் என்று ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். கடைசி இடிக்குச் சரியாகக் கையை ஓங்கி இறக்கினார், என்னவோ தானே நடத்தி வைத்தது போல. பிறகு மைக்கைப் பிடித்தார்.

"இந்த முடிவு ரெக்கார்டுல கிடையாது. இன்னிக்குத்தான் சொல்றேன். உங்களுக்காக நான் போட்டது இது."

மண்டபம் அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் தையல்காரி எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே போனாள்.

உடை மாற்றும் அறையில் தூண் நேரே போய் அண்ணன் முன்னால் நின்றார். நாக்கில் நரம்பில்லாமல் எப்படிண்ணே சொன்னீர்கள் என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் அண்ணனிடம் பேசியதிலேயே நீளமான கேள்வி அதுதான்.

அண்ணன் கண்ணாடியைப் பார்த்தபடி முகத்தைத் துடைத்தார். "நீ என்னிக்காவது உன்னோடதுன்னு வெளியில சொன்னியா? ரெக்கார்டுல இருக்குன்னுதானே சொன்னே. வேண்டாம்னு நீயே தூக்கிப் போட்டதை நான் எடுத்துக்கிட்டேன். விடுடா, நமக்குள்ள என்ன?"

தபால்காரர் அங்கேதான் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஊரில் ஒரு விலாசம் தப்பாமல் தபால் கொடுத்த மனிதர். அன்றைக்கு ஷூ நாடாவிலேயே கண்ணாக இருந்தார்.

மனைவி தூணின் வெள்ளிக் கோட்டைப் பிரித்து இஸ்திரி மேஜைக்கு உறையாகத் தைத்துப் போட்டுவிட்டாள். தூண் அண்ணன் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். அண்ணனுக்கோ அதற்குப் பிறகுதான் மவுசு கூடியது. உள்ளூர் வானொலியில் பேட்டி எடுத்தார்கள். அந்த முடிவு எப்படித் தோன்றியது என்று கேட்டபோது, செருப்புக் கடை அலமாரியிலிருந்து பெட்டிகள் சரிந்து விழுந்தனவாம், கனமாக இரண்டு, கொஞ்சம் பொறுத்து லேசாக மூன்று, அதைக் கேட்டதும் பொறி தட்டியதாம். தூண் சலவை நிலையத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு விரிப்பு மடித்தபடி அதைக் கேட்டார். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் பாட்டைப் பிசகாமல் பாடிய மனிதர். ஈரக் கம்பளத்தையும் பிசகாமல் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நம்பர் இருமல் ஒன்றுதான் பாக்கி.

பிறகு ஒருநாள் அண்ணன் இறந்துபோனார். அதே மண்டபத்தில் மத்தியானம் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முன்பு அண்ணி தூணின் வீட்டுக்கு வந்திருந்தார். "தம்பி, அவர் போட்ட அந்த முடிவை நீங்கதான் வாசிக்கணும். அவர் உயிரே அதுலதான் இருந்துச்சு," என்றார். தூண் அவர் முகத்தைப் பார்த்தார். அண்ணி மனதறிந்து பொய் சொல்லவில்லை, அதை உண்மை என்றே நம்பிக்கொண்டிருந்தார். தூண் சரி என்று தலையாட்டினார். அண்ணி போன பிறகு, அங்கேயாவது சொல்வீர்களா என்று மனைவி கேட்டாள். அவர் கிட்டாரை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

மேடையில் வெள்ளிக் கோட்டோடு அண்ணனின் பெரிய படம். பக்கத்தில் மைக் இருந்தது. தூண் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது சொன்னால், செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான் என்று தெரிந்து தம்பி பேசுகிறான் என்பார்கள். முன் வரிசையில் அண்ணி வேறு. மைக்கை விட்டுவிட்டுக் கிட்டாரை மாட்டிக்கொண்டார்.

தபால்காரர் டிரம்ஸில், கீபோர்டுக்காரர் பாடினார். ஏழாம் நம்பர் பேஸில் தொடங்கியது. கடைசிச் சுற்று வந்ததும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் காலைத் தூக்கித் தயாராக வைத்துக்கொண்டார்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். தபால்காரர் குச்சியை ஓங்கியபடி தூணைப் பார்த்தார்.

தூண் குமிழில் கை வைத்தார். கொஞ்சமாகத் திருகினார், இன்னும் கொஞ்சம் திருகினார். வாசித்துக்கொண்டே சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி ஆக்கி, பிறகு அதுவும் இல்லாமல் ஆக்கினார். இந்த முறை பால்கனியிலிருந்து யாரும் இடிக்கவில்லை. தூக்கிய கால்கள் சத்தமில்லாமல் தரைக்கு வந்தன.

முன் வரிசையில் யாரோ பக்கத்தில் இருப்பவரிடம், "பாவம். அண்ணன் போட்டதைத் தம்பிக்கு வாசிக்க வரல," என்றார்கள். தூணின் காதில் அது தெளிவாக விழுந்தது. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூண் ஒயரைப் பிடுங்கி, முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே எப்போதும் போல் சுற்றினார். அண்ணன் இருந்திருந்தால் குறை சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. ரெக்கார்டில் உள்ளபடியேதான் முடித்திருந்தார்.